குடும்பப்பெயருக்குக் குலச்சின்னம் உண்டா?

“ஒவ்வொரு ஆங்கிலேயக் குடும்பப்பெயருக்கும் தனிக் குலச்சின்னம் உண்டு, உங்கள் பெயரைத் தட்டினால் கிடைத்துவிடும்” என்று பரவும் செய்தி தவறானது. இங்கிலாந்து மரபில் குலச்சின்னம் எனப்படும் கேடயச் சின்னம் பெயருக்கு உரியதன்று. அது குறிப்பிட்ட ஒருவருக்கு வழங்கப்பட்டு, பொதுவாக அவருடைய ஆண்வழிச் சந்ததியினரைச் சேர்கிறது.

அதை வழங்குபவர்கள் லண்டனில் உள்ள ‘காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’ அதிகாரிகள். மூன்றாம் ரிச்சர்டு மன்னர் 1484-இல் ஏற்படுத்திய இந்நிறுவனத்தில், ‘கிங் ஆஃப் ஆர்ம்ஸ்’ என்னும் மூத்த அதிகாரிகள் 3 பேர், ‘ஹெரால்டு’ என்னும் இடைநிலை அதிகாரிகள் 6 பேர், ‘பர்சிவன்ட்’ என்னும் இளநிலை அதிகாரிகள் 4 பேர் என 13 பேர் அரச நியமனம் பெற்றவர்கள். ஒருவர் விண்ணப்பித்தால், பழைய பதிவேடுகளில் உள்ள எதனோடும் ஒத்துப்போகாத சின்னத்தை வடிவமைத்து, அதைத் தோல் ஏட்டில் வண்ணத்தில் தீட்டி, முத்திரையுடன் வழங்குவார்கள்.

ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான் ஷேக்ஸ்பியருக்கு 1596-இல் எழுதப்பட்ட வரைவுகள் இன்றும் அங்கே உள்ளன: பொன்னிறக் கேடயம், குறுக்கே சாய்ந்த கருப்புப் பட்டை, அதன்மேல் வெள்ளி முனையுள்ள ஈட்டி, மேலே, ஈட்டி ஏந்திய வல்லூறு. பெயரிலுள்ள ‘ஸ்பியர்’ (ஈட்டி) என்ற சொல்லையே சின்னமாக்கிய இந்த நயம் அழகானது. ஆயினும் அவர் வழியில் வராத வேறொரு ஷேக்ஸ்பியருக்கு அதில் எந்த உரிமையும் கிடையாது.

ஸ்காட்லாந்தில் விதி இன்னும் கடுமையானது. அங்கே குலச்சின்னங்களுக்குப் பொறுப்பான ‘லார்டு லயன்’ என்னும் அதிகாரிக்குத் தனி நீதிமன்றமே உண்டு. பதிவில்லாத சின்னத்தைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். ஆகவே, பெயரைக் கேட்டு அச்சிட்டு விற்கப்படும் சட்டகப் படங்களை வம்சாவளிச் சான்றாக ஏற்க முடியாது.