டிராலப் வேலையை விட்ட பிறகு எழுத வந்தவர் அல்ல
பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப்பைப் பற்றி, 'தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்று, பென்ஷனோடு நிம்மதியாக உட்கார்ந்து நாவல் எழுதினார்' என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இது தவறு. அதைப் பார்த்து 'அப்போ வேலையில் இருக்கிறவர்களால் எழுதவே முடியாது' என்று இன்னொருவர் முடிவு கட்டியதால்தான் எழுதுகிறேன்.

டிராலப் 1834இல் தபால் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து 1867இல் ராஜினாமா செய்தார். முதல் நாவல் வந்தது 1847இல், அயர்லாந்தில் தபால் துறைக்காகக் குதிரையில் ஊர் ஊராக அலைந்த காலத்தில். பேர் வாங்கித் தந்த, பார்செட்ஷயர் என்ற கற்பனை மாவட்டத்தில் நடக்கும் வரிசையின் ஆறு நாவல்களும் வேலையில் இருந்தபோதே எழுதியவை. விடியற்காலை ஐந்தரைக்கு மேஜையில் இருப்பார், எழுப்பிவிட்டு காபி கொண்டுவரும் வேலைக்காரருக்கு அதற்கென்றே வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார், கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை, அப்புறம்தான் ஆபீஸ். தபால் துறை ஆய்வுப் பயணங்களில் ரயிலிலேயே பென்சிலால் எழுதுவார், மனைவி ரோஸ் அதைப் படி எடுத்துக் கொடுப்பார். இந்த அம்மாவின் உழைப்பை யாரும் பேசுவதே இல்லை.

சரி, பென்ஷன்? அதுவும் கிடைக்கவில்லை. 60 வயதுக்கு முன்பே விலகியதால் அந்த உரிமையை இழந்தார். எழுதிச் சம்பாதித்துச் சேர்த்துவைத்த தைரியத்தில்தான் வேலையையே விட்டார். 47 நாவல்களில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு வந்தவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் வேலையை விடும்போதே அவர் இங்கிலாந்து முழுக்க அறிந்த நாவலாசிரியர்.