கட்டணம் குறைவு என்று மயங்க வேண்டாம்

அமெரிக்காவில் முதல் வீடு வாங்குகிறவர்கள் எச்.ஓ.ஏ. கட்டணம் (பொதுப் பராமரிப்புக்காக வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குக் கட்டும் தொகை) குறைவாக உள்ள குடியிருப்பைத் தேடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அது பாதி சரியாகத்தான் படுகிறது. கட்டணம் ஏன் குறைவு என்று பாருங்கள். கூரை, லிஃப்ட், குழாய் மாற்றுவதற்கான ரிசர்வ் நிதியைச் சேர்க்காமலே குறைத்திருக்கலாம். அப்படிப்பட்ட சங்கம் பெரிய பழுது வரும்போது, ஸ்பெஷல் அசெஸ்மென்ட் என்று ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும். ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் 2021 ஜூனில் இடிந்து 98 பேர் இறந்த அடுக்குமாடியில், பழுதுபார்க்க சுமார் 1.5 கோடி டாலரை உரிமையாளர்களிடம் வசூலிக்க முடிவாகியிருந்தது. கட்டடம் அதுவரை காத்திருக்கவில்லை.

அதனால் சங்கத்தின் பட்ஜெட்டோடு ரிசர்வ் ஆய்வறிக்கை (வரப்போகும் பெரிய பழுதுகளுக்கு எவ்வளவு நிதி வேண்டும் என்ற கணக்கு), ஓராண்டுக் கூட்டக் குறிப்புகள் எல்லாம் கேட்டு வாங்குங்கள். நான் வாங்க நினைத்த ஒரு வீட்டுக்காகப் படித்த குறிப்புகளில் மூன்று கூட்டமாக நீச்சல் குளக் கசிவைப் பற்றியே சண்டை! நீச்சலே தெரியாத நான் அதற்கும் பணம் கட்ட வேண்டியிருந்திருக்கும். அந்த வீட்டை விட்டுவிட்டேன்.

அப்புறம், கடன் தகுதி பார்க்கும்போது வங்கி இந்தக் கட்டணத்தையும் உங்கள் மாதச் சுமையில் சேர்க்கும். ஆனால் பெரும்பாலும் கடன் தவணையோடு சேர்ந்து போகாது, தனியாகக் கட்ட வேண்டும். நீங்களே குடியிருக்கும் வீடென்றால் இதற்கு ஃபெடரல் வரிக்கழிவும் கிடையாது. கட்டாமல் விட்டாலோ, பல மாநிலங்களில் சங்கமே வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகலாம்.