ஜீவனாம்சம் பிள்ளையோட பணம்

அண்ணே, "பிள்ளையை அம்மா வாங்கிக்கொண்டால் அப்பா காசு கொடுக்க வேண்டியதில்லை" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. நம் சுங்கை சிப்புட்டில் இந்தப் பேச்சை நம்பியே பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்காமல் விட்ட தாய்மாரை எனக்குத் தெரியும்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம்தான். அதன் 92ஆவது பிரிவின்படி, பிள்ளை யாரிடம் இருந்தாலும் சாப்பாடு, துணி, வீடு, படிப்புக்குப் பெற்றவர் பொறுப்பு. 18 வயதோடு எல்லாம் முடிந்தது என்பதும் முழுக்கச் சரியில்லை. 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தப்படி, பிள்ளை மேற்படிப்போ தொழிற்பயிற்சியோ படித்தால் அது முடியும்வரை கோர்ட்டின் ஜீவனாம்ச உத்தரவு நீடிக்கும். உத்தரவு இருந்தும் கொடுக்காவிட்டால், முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கட்டும்படி கோர்ட்டில் கேட்கலாம்.

அப்புறம், "காசு தராதவனுக்குப் பிள்ளையைக் காட்டாதே" என்ற அக்காவுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் லயத்தில் ஒரு பையன் சனிக்கிழமை காலையில் தலைவாரி, பள்ளிப்பையில் மாற்றுத்துணி வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பான். பெரியவர்களின் பணத் தகராறில் அவனை அனுப்பவே இல்லை. மதியம்வரை அந்தப் பையை மடியிலிருந்து இறக்கமாட்டான். பாக்கிப் பணம் வேறு, அப்பாவைப் பார்ப்பது வேறு அக்கா. கோர்ட் கொடுத்த சந்திப்பு நேரத்தை நாமாக நிறுத்த முடியாது. மாற்ற வேண்டுமென்றால் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும்.

வக்கீலுக்கு வசதியில்லையா? மணவிலக்கு உத்தரவு, பிறப்புப் பத்திரம், பள்ளிச் செலவு ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அரசாங்கச் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.