வூசியா நாவல்கள்: எதில் தொடங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்

வூசியா, அதாவது சீன வாள்சண்டை நாவல் கேட்டு வருபவர்களிடம் பலர் எடுத்த எடுப்பிலேயே ‘தி டீர் அண்ட் தி கால்ட்ரன்’ நாவலை நீட்டிவிடுகிறார்கள். ஹாங்காங் எழுத்தாளர் ஜின் யோங்கின் கடைசி நாவல், அபாரமானது, மறுக்கவில்லை. ஆனால் முதலில் படிக்க அது வேண்டவே வேண்டாம். நாயகன் வெய் சியாவ்பாவ் விலைமாதர் விடுதியில் வளர்ந்தவன். சண்டை வராது, பொய்யும் சூதாட்டமும் நன்றாக வரும். வூசியாவின் விதிகளையெல்லாம் போட்டுக் கிண்டலடிக்கும் கதை. விதி தெரியாதவருக்குக் கிண்டல் எங்கே புரியும்?

தொடங்க வேண்டியது அவருடைய ‘லெஜண்ட் ஆஃப் தி காண்டர் ஹீரோஸ்’. 1957 முதல் 1959 வரை ஹாங்காங் நாளிதழில் தொடராக வந்தது. 2018-க்கும் 2021-க்கும் இடையில் ஆங்கிலத்தில் 4 பாகங்களாக வெளியானது. முதல் பாகம் ‘எ ஹீரோ பார்ன்’.

பெரும்பாலோர் கழன்றுகொள்வது இதன் தொடக்கத்தில்தான். நாயகன் குவோ ஜிங் பிறக்கவே இல்லை, அதற்குள் அப்பாக்களின் கதை ஓடுகிறது. பிறந்த பிறகும் மங்கோலியப் புல்வெளியில் வளரும் மந்தமான பையன். ஏழு குருமார் தலையால் தண்ணீர் குடித்தும் ஏறவில்லை. பிச்சைக்காரப் பையன் வேடத்தில் ஹுவாங் ரோங் வந்து, அவன் காசில் விலையுயர்ந்த பதார்த்தங்களை அடுக்கடுக்காக ஆர்டர் செய்யும் இடம்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். (ஆங்கிலப் பதிப்பில் அவள் பெயர் லோட்டஸ் ஹுவாங்.) அப்புறம் கதை உங்களை விடாது.

அவளுடைய சமையல் வெறும் அலங்காரம் அல்ல. தின்னிப்பண்டாரமான சண்டை வித்தகர் ஹொங் சிகோங்கிடமிருந்து குவோ ஜிங்குக்கு வித்தை வாங்கித் தருவதே அதுதான். ஒரு பன்றித்தொடையில் 24 குழி தோண்டி, டோஃபுவை 24 சிறு உருண்டைகளாக்கி உள்ளே வைத்துக் கட்டி வேகவைப்பாள். சாரமெல்லாம் டோஃபுவில் இறங்கியதும் தொடையைத் தூக்கி எறிந்துவிடுவாள். தொட்டாலே உடையும் டோஃபுவை உருண்டையாக்குவது அப்பாவிடம் கற்ற விரல்வித்தை. இப்படி ஆக்கிப்போட்டே, ‘டிராகனை அடக்கும் 18 அடி’களில் 15 அடிகளைக் காதலனுக்குக் கற்றுத்தர வைத்துவிடுகிறாள்.

இரண்டு முன்னேற்பாடுகள் போதும். முதலாவது, 1127-இல் ஜின் வம்சத்தின் படை சோங் தலைநகர் காய்ஃபெங்கைப் பிடித்து இரண்டு சோங் பேரரசர்களையும் சிறைகொண்டுபோன வரலாற்றை ஒரு பக்கமாவது படித்துவிடுங்கள். அந்த ‘ஜிங்காங்’ (அப்போதைய ஆட்சிக்காலத்தின் பெயர்) அவமானம் மறக்கக்கூடாது என்றுதான் குவோ ஜிங்குக்கும் அவன் அப்பாவின் நண்பர் மகன் யாங் காங்குக்கும் ஜிங், காங் என்று சியூ சூஜி பெயர் வைக்கிறார். இவர் நிஜமான தாவோ துறவி, 1222-இல் செங்கிஸ் கானை நேரில் சந்தித்தவர். வளர்ந்த பிறகு அந்த இருவரும் எந்தப் பக்கம் போய் நிற்கிறார்கள் என்பதில்தான் நாவலின் கசப்பு இருக்கிறது.

இரண்டாவது, ஒரு தாளில் யாருக்கு யார் குரு என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரே ஆளுக்குப் பெயர், பட்டப்பெயர், சங்கப் பதவி என்று பல இருக்கும். குருவிடம் முன்னால் சேர்ந்தவனே அண்ணன், வயது கணக்கில்லை. சியூ சூஜியின் குருவுக்குத் தம்பி முறையான சோவ் போதோங் என்ற கிழவர் குவோ ஜிங்கைச் சத்தியச் சகோதரனாக்கிக்கொள்கிறார். அந்தக் கணக்கில் சியூ சூஜியே இந்தப் பொடியனுக்கு ஒரு தலைமுறை கீழே போய்விடுகிறார்! தாள் இல்லாவிட்டால் இந்த நகைச்சுவை கைநழுவிவிடும்.

நாளிதழ்த் தொடர் என்பதால் முடிச்சுகள் நெருக்கமாக விழும். நாளுக்கு 30, 40 பக்கம் போதும். ஒரே மூச்சில் படித்தால் சண்டைகள் திகட்டும்.

இதற்கடுத்து இன்னொரு வூசியா எழுத்தாளர் கு லோங்: ‘தி இலெவன்த் சன்’. சின்னச் சின்ன வாக்கியங்கள், துப்பறியும் கதையின் வேகம். இணையத் தொடர்களில் நிலை நிலையாக ஏறி அமரத்துவம் அடையும் நாயகர்களைப் படித்துப் பழகியவர்கள் அதை இங்கே தேடாதீர்கள், அது வேறு வகை. வெய் சியாவ்பாவின் ‘தி டீர் அண்ட் தி கால்ட்ரன்’ கடைசியில் வரட்டும். ஜான் மின்ஃபோர்டின் 3 பாக ஆங்கிலப் பதிப்பு சுருக்கப்பட்டது. ஆனாலும் மொழிபெயர்ப்பு துள்ளுகிறது, தயங்காமல் வாங்கலாம்.