சம்பளம்தான் இல்லை, பதிலாவது சொல்லுங்கள்

வாஷிங்டன் டி.சி.யில் லத்தீனோ சமூக மேம்பாட்டு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. மேயர் ஆட்களை நியமிக்கிறார், நகரமன்றம் ஒப்புதல் தருகிறது. லத்தீனோ மக்களுக்கு, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கு, என்ன தேவை, எங்கே குறை, எந்தச் சேவை அவர்கள் வீட்டு வாசல் வரை போய்ச் சேரவில்லை என்று மேயருக்கும் மன்றத்துக்கும் எடுத்துச் சொல்வது இவர்கள் வேலை. உத்தரவு போட முடியாது. பணம் ஒதுக்க முடியாது. சம்பளமும் கிடையாது.

"அப்புறம் எதற்கு அந்தக் குழு? போட்டோ எடுக்கவா?" என்று சமீபத்தில் ஒரு நண்பர் வீட்டு விருந்தில் ஒருவர் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆலோசனைக் குழுக்களைப் பற்றி எல்லா ஊரிலும் மக்கள் நினைப்பது அதுதான். பேச்சு வேறு பக்கம் போய்விட்டதால் அன்று முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

என் கருத்து இதுதான்: குறை அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களிடம் இல்லை. அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, பதிலே சொல்லாமல் இருக்க முடிகிற ஏற்பாட்டில் இருக்கிறது.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு காலத்தில், சுமார் நூறு ஆண்டுகள், டி.சி. மக்களுக்குத் தங்கள் மேயரையும் மன்றத்தையும் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாமல் இருந்தது. 1973இல் சுயாட்சிச் சட்டம் வந்தது, 1975 ஜனவரியில் மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் மன்றமும் பதவியேற்றார்கள். அடுத்த ஆண்டே, 1976இல், அந்த மன்றம் லத்தீனோ சமூக மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. மேயரின் கீழ் லத்தீனோ விவகார அலுவலகமும் இந்த ஆணையமும் அந்தச் சட்டத்தில் வந்தவை. புதிதாகப் பிறந்த ஒரு மன்றத்துக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும். அதற்கு நடுவே இதையும் செய்தது என்றால், வெளியே யாரோ விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று பொருள். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த கார்லோஸ் ரொசாரியோ அப்படிக் கேட்டவர்களில் முக்கியமானவர். 'இந்த ஊரில் நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம்' என்று கண்ணுக்குத் தெரியும்படி காட்ட 1970களின் தொடக்கத்தில் லத்தீனோ திருவிழா நடத்தினார்கள். இன்று பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்றுத்தரும் ஒரு பள்ளி அவர் பெயரில் நடக்கிறது.

அதன் பிறகுதான் பெரிய அலை வந்தது. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். ஓடி வந்தவர்களில் மிகப் பலர் டி.சி.யிலும் சுற்றுப்புறத்திலும் தங்கினார்கள். இந்திபுக்கா என்ற ஒரே சிற்றூரிலிருந்து மட்டும் அத்தனை குடும்பங்கள் வந்தன. அண்ணன் வந்தால் தம்பி, தம்பி வந்தால் மச்சான் என்று மவுண்ட் பிளசன்ட், கொலம்பியா ஹைட்ஸ், ஆடம்ஸ் மார்கன் பக்கமெல்லாம் நிறைந்தார்கள். ஹோட்டல் சமையலறை, கட்டட வேலை, இரவில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை எல்லாம் அவர்கள் கையில்.

1991 மே 5, ஞாயிற்றுக்கிழமை மாலை, மவுண்ட் பிளசன்டில் குடித்திருந்தவர்களைக் கைது செய்யப் போன காவல் அதிகாரி ஒருவர், எல் சால்வடோரைச் சேர்ந்த ஒருவரைச் சுட்டுவிட்டார். கத்தியோடு பாய்ந்தார் என்றது காவல்துறை. கையில் விலங்கு இருந்தது என்றார்கள் பார்த்தவர்கள். சுடப்பட்டவர் உயிர் பிழைத்தார், ஆனால் அன்று இரவே தெரு எரிந்தது. காவல் வண்டிகளுக்குத் தீ வைத்தார்கள், கடைகள் உடைந்தன, மறுநாளும் ஓயவில்லை. அப்போதைய மேயர் ஷரன் பிராட் டிக்சன் ஊரடங்கு போட்டார். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள்.

பிறகு கூட்டாட்சி அரசின் குடிமை உரிமைகள் ஆணையம் விசாரணை நடத்தி, 1993 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. காவல்துறையில் ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் போதவில்லை, நகர வேலைகளில் லத்தீனோக்களின் பங்கு அவர்கள் மக்கள்தொகைக்கு மிகக் குறைவு, சேவைகள் அவர்களை எட்டவில்லை என்று விரிவாக எழுதியது. இதில் எது புதுச் செய்தி? லத்தீனோ அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவைதான். கலவரம் நடந்தபோது சட்டம் வந்து 15 ஆண்டு, அலுவலகம் இருந்தது, ஆணையம் இருந்தது. சொல்வதற்கு ஆளும் இருந்தார்கள். கேட்டவர்கள் என்ன செய்தோம் என்று கணக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம்தான் யாருக்கும் இல்லை.

இப்போதைய கதைக்கு வருகிறேன். இந்த மாதிரிக் கூட்டங்களில் நான் அவ்வப்போது பார்வையாளராக உட்கார்வதுண்டு. மாலை ஆறு, ஆறரைக்குத் தொடங்கும். வேலை முடிந்து நேராக வருகிறவர்கள், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு இணையம் வழியாகச் சேர்கிறவர்கள், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளிருந்தபடியே பேசுகிறவர்கள். ஒருநாள் பொதுமக்கள் பேசும் நேரத்தில் ஒரு பெண்மணி வந்தார். குளிர்காலம் முழுக்க வீட்டில் சூடு வரவில்லை, கேட்டால் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில். அழுகை தொண்டையில் நிற்க, வேகமாக ஸ்பானிஷில் பேசினார். உறுப்பினர்களில் ஒருவர், பகலில் கட்டட வேலை பார்ப்பவர் போலிருக்கிறது, சட்டைக் கையில் சுண்ணாம்புத் தூள் அப்படியே இருந்தது. அவர் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. "கடிதம் வந்த உறை இருக்கிறதா? தூக்கிப் போடவில்லையே?" என்று மட்டும் கேட்டார். அஞ்சல் முத்திரையில் உள்ள தேதியை வைத்து எத்தனை நாள் அவகாசம் என்று பேசலாம், உறையைப் பத்திரமாக வையுங்கள் என்றார். பிறகு வாடகைதாரர்களுக்கு இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த உறையைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவர் ஒருவர் அந்த மேசையில் இருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். தானோ தன் வீட்டாரோ அப்படி ஒரு கடிதம் வாங்கியிருந்தால்தான் அந்தக் கேள்வி வாயில் வரும். இதற்கெல்லாம் ஆலோசகர் நிறுவனங்களுக்கு அரசாங்கங்கள் எவ்வளவு கொட்டிக் கொடுக்கின்றன என்பது நமக்குத் தெரியும். இவர் கொண்டுவந்த அனுபவத்துக்கு நகரம் ஒரு காசு தரவில்லை.

அதே கூட்டத்தில், முன்பு ஒரு துறைக்கு எழுதிய கடிதம் என்ன ஆயிற்று என்று கேள்வி வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பலாம் என்று முடிவு செய்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை, பழகிப்போயிருக்கிறது. எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

இந்த மனிதர்கள் சொல்லிச் சொல்லி எதுவுமே மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. நம்மவர்களுக்கு இது தெரிய வேண்டும். 2004இல் டி.சி. மொழி அணுகல் சட்டத்தைக் கொண்டுவந்தது. லத்தீனோ, ஆசிய, ஆப்பிரிக்க சமூக அமைப்புகள் கைகோத்து வாங்கிய சட்டம். ஒரு துறையைத் தேடி வருபவர்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு மொழி பேசுபவர்கள் இருந்தால் முக்கிய ஆவணங்களை அந்த மொழியில் தர வேண்டும். ஸ்பானிஷ், அம்ஹாரிக், சீனம், வியட்நாமியம், கொரியம் எல்லாம் அப்படித்தான் வந்தன. தமிழ் அந்த எண்ணிக்கையை எட்டாமல் இருக்கலாம். ஆனால் வாய்மொழி உதவிக்கு எண்ணிக்கை தடையில்லை. ஆங்கிலம் தெரியாத யார் வந்தாலும் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும்.

என் அம்மாவை ஒருமுறை ஒரு நகர அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். நானே மொழிபெயர்க்கிறேன் என்றேன். கவுன்ட்டரில் இருந்தவர், வேண்டாம், அவரே பேசட்டும் என்று தொலைபேசியை ஸ்பீக்கரில் வைத்தார். சற்று நேரத்தில் அந்தப் பக்கமிருந்து "வணக்கம்மா, சொல்லுங்க" என்று குரல். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்த விதம் எனக்கு மறக்காது. என்னைக் கேட்காமல், என் முகத்தைப் பார்க்காமல், தன் பிறந்த தேதியிலிருந்து மூட்டுவலி வரை தானே சொன்னார். இந்த வசதியை வாங்கிக் கொடுக்க நாம் யாரும் எந்தக் கூட்டத்திலும் உட்காரவில்லை. உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

தெருவோர வியாபாரமும் அப்படித்தான். கொலம்பியா ஹைட்ஸில் மாம்பழத் துண்டும் தமாலே என்ற சோளமாவுப் பண்டமும் விற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். உரிமம் இல்லாமல் விற்றால் குற்ற வழக்கு என்று இருந்ததை 2023இல் ஒரு சட்டம் மாற்றியது, பழைய அபராதங்களுக்கும் வழி செய்தது. அது ஆணையத்தின் வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்களே சங்கமாகச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் மன்றத்தின் படியேறி வாங்கியது. ஆனால் தெருவில் நடப்பது ஆட்சியின் காதுக்கு முன்கூட்டியே போக ஒரு வழி இருக்கும்போது, அத்தனை ஆண்டுகள் ஏன் ஆக வேண்டும்?

மேயர் நியமிக்கும் குழு மேயரைக் கேள்வி கேட்குமா என்பது நியாயமான சந்தேகம். கேட்க முடியும் என்பதற்குச் சிகாகோவில் சான்று இருக்கிறது. ஹெரால்ட் வாஷிங்டன் 1983இல் மேயரானதும் லத்தீனோ விவகாரங்களுக்கு ஆலோசனை ஆணையம் அமைத்தார். அதை நிர்வகித்தவர் மரியா டி லோஸ் ஏஞ்சலஸ் டோரெஸ். மேயரின் சொந்த நிர்வாகத்திலேயே லத்தீனோக்களுக்கு எத்தனை வேலை கிடைத்திருக்கிறது என்று அந்த ஆணையம் கணக்குக் கேட்டது. நகரத் துறைகள் யாருடைய குடியேற்ற நிலையையும் விசாரிக்கக் கூடாது என்று 1985இல் மேயர் ஆணை பிறப்பித்ததும் அந்தக் காலத்தில்தான். கேள்வி கேட்கும் ஆட்களை வைத்துக்கொள்ளும் துணிச்சல் அந்த மேயருக்கு இருந்தது. ஆனால் மேயரின் நல்ல குணத்தை நம்பி ஒரு ஏற்பாட்டை நடத்த முடியாது. அடுத்தவர் எப்படி இருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

அதனால்தான் சட்டத்தில் எழுத வேண்டும் என்கிறேன். இதற்கு முன்மாதிரி தேடி எங்கும் போக வேண்டாம், டி.சி.யிலேயே இருக்கிறது. அக்கம்பக்க ஆலோசனை ஆணையங்கள் என்று ஊர் முழுக்க இருக்கின்றன. உறுப்பினர்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களுக்கும் சம்பளம் இல்லை, அவர்களும் ஆலோசனைதான் சொல்ல முடியும். ஆனால் ஒரு மதுக்கடை உரிமமோ கட்டட அனுமதியோ குறித்து அவர்கள் தீர்மானம் போட்டு எழுதினால், அந்தத் துறை அதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும். சட்டம் அப்படி. ஏற்கத்தான் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. காரணம் எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு கட்டாயம் இருப்பதால் அதிகாரிகள் அந்தக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள்.

அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், இவர்கள் நியமிக்கப்பட்டவர்கள், இரண்டும் ஒன்றா என்று சிலர் கேட்பார்கள். ஒன்றில்லைதான். ஆனால் மேயர் தேர்ந்தெடுத்து, மன்றம் ஒப்புதல் கொடுத்து உட்கார வைத்த ஆட்களுக்கு ஒரு கடிதத்தில் பதில் எழுதக்கூட நகரம் கடமைப்படவில்லை என்றால், எதற்காக நியமித்தார்கள்?

இன்னொன்றும் கேட்கிறேன். சம்பளம் வேண்டாம், சரி. ஆனால் ஒரு மாலை கூட்டத்துக்கு வர, மணிக்கூலிக்கு வேலை பார்ப்பவர் அந்தக் கூலியை விட வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவருக்குக் காசு கொடுக்க வேண்டும். இந்தச் செலவை நகரம் ஈடு செய்யாவிட்டால் என்ன ஆகும்? வழக்கறிஞர்களும் தொண்டு நிறுவன நிர்வாகிகளும் மட்டுமே மிஞ்சுவார்கள். அவர்கள் நல்லவர்கள், தேவையானவர்கள். உறையைப் பற்றிக் கேட்டவர் மட்டும் அங்கே இருக்க மாட்டார். அப்புறம் இடங்கள் காலியாகும், குறைந்தபட்ச ஆட்கள் சேராமல் கூட்டம் தள்ளிப்போகும். பார்க்கிறவர்கள் 'இது சும்மா பெயருக்கு' என்பார்கள்.

2025 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் டிரம்ப் டி.சி. காவல்துறையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, தேசியக் காவல்படையை இறக்கினார். கூடவே குடியேற்ற அதிகாரிகளும் தெருக்களில் நின்றார்கள். ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோகும் பையன்களைப் பிடித்தார்கள். மவுண்ட் பிளசன்டில் பெற்றோர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். கூட்டாட்சி அரசை ஒரு நகர ஆலோசனைக் குழுவால் தடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் வெளியே வரவே மக்கள் பயப்படும் காலத்தில், அரசாங்கத்தோடும் பேசக்கூடிய, தெருவும் நம்பக்கூடிய முகங்கள் எத்தனை இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். அந்த நாட்களில் தன் பெயரும் முகமும் தெரிய ஒரு லத்தீனோ ஆணையத்தில் உட்கார்ந்திருப்பதற்கே தைரியம் வேண்டும்.

டி.சி.யில் இருக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு செய்தி. குடியுரிமை இல்லாதவர்களும் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று 2022இல் நகரமன்றம் சட்டம் கொண்டுவந்தது. 2024 தேர்தலில் முதன்முறையாக அப்படிப் பலர் வாக்களித்தார்கள். கிரீன் கார்டில் இருப்பவர்கள், ஹெச்1பி விசாவில் இருப்பவர்கள் எல்லாம் இதில் அடக்கம். உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். வாக்கு இருக்கிறதோ இல்லையோ, உங்கள் வார்டு உறுப்பினருக்கு எழுத யாரும் தடை சொல்லவில்லை. நான் என் உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன். இரண்டே கோரிக்கை. ஆணையம் எழுத்தில் கேட்டால் துறை குறித்த நாட்களுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்களுக்குக் கூலி இழப்பையும் குழந்தைப் பராமரிப்புச் செலவையும் நகரம் தர வேண்டும். அந்தக் கடிதத்தின் நகல் வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். பெயரை மாற்றி நீங்களும் அனுப்பலாம்.