நெய் குடித்தால் நார்மல் ஆகுமா?

தங்கைக்கு இது எட்டாவது மாதம். தினமும் ராத்திரி ஒரு ரீல் அனுப்புகிறாள். ஒரு நாள் பேரீச்சம்பழம், ஒரு நாள் வெதுவெதுப்பான பாலில் நெய், இன்னொரு நாள் தரையில் உட்கார்ந்து வீடு துடைப்பது. கூடவே தவறாமல் ஒரு கேள்வி: "இதெல்லாம் செஞ்சா நார்மல் ஆயிடுமாக்கா?"

குடித்த நெய் குடலுக்குத்தான் போகும், பிள்ளைக்கு வழியை வழுக்கிவிடாது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். நடக்கட்டும், உட்கார்ந்து எழட்டும், உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அவள் தயாராக வேண்டிய இடம் வேறு.

2016-இல் எனக்கு முதல் பிரசவம் 'நார்மல்'. சொந்தக்காரர்கள் எல்லாம் மெச்சினார்கள். உள்ளே நடந்ததை யாரும் கேட்கவில்லை. லேசாக வலி தொடங்கியதுமே பதறியடித்துப் போய் அட்மிட் ஆனோம். "ரெண்டு விரல்தான் திறந்திருக்கு" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் டிரிப்ஸில் வலி ஊசி ஏறியது. வயிற்றில் பெல்ட், மல்லாந்த படுக்கை, எழுந்து நடக்கக் கூடாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. அம்மா கதவுக்கு வெளியே. நான் கத்தியபோது ஒருவர் சொன்னது இங்கே எழுதும்படியாக இல்லை. லேபர் வார்டுக்குப் போய் வந்த பெண்களுக்கு அந்த வசனம் தெரியும். பிள்ளை வெளியே வரக் கீழே வெட்டிய விஷயமே தையல் போடும்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு மாதம் தலையணை வைத்துத்தான் உட்கார்ந்தேன்.

இரண்டு விரல் என்றால் கருப்பை வாய் மூன்று சென்டிமீட்டர் திறந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், ஐந்து சென்டிமீட்டரில் இருந்துதான் தீவிரப் பிரசவ வலி என்று கணக்கு. அதற்கு முன்னால் மெதுவாகப் போவது சகஜம். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் வேகப்படுத்தத் தேவையில்லை. எல்லோருக்கும் வழக்கமாக வெட்டித் தைப்பதும் வேண்டாம் என்கிறார்கள். இது 2016-இல் எனக்குத் தெரிந்திருந்தாலும் அந்த மேஜையில் படுத்துக்கொண்டு பேசியிருக்க முடியாது. வலி வந்தபின் யாராலும் வாதாட முடியாது. அதனால்தான் இப்போதே, எட்டாம் மாதச் செக்கப்பிலேயே கேள் என்கிறேன்.

டாக்டரிடம் என்ன கேட்பது? தேதி தாண்டினால் எத்தனை நாள் பொறுப்பீர்கள்? வலியின்போது நடக்கலாமா, ஒருக்களித்துப் படுக்கலாமா? கூட யார் இருக்கலாம்? பிள்ளை பிறந்ததும் என் நெஞ்சில் போடுவீர்களா? கேட்டதும் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான். இன்னும் நேரம் இருக்கிறது, ஆஸ்பத்திரியை மாற்றலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசு ஆஸ்பத்திரிகளில் 36 சதவீதம். அரசுப் பக்கமும் குறைவில்லைதான். ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசம் நம் பெண்களின் இடுப்பெலும்பால் மட்டும் வந்திருக்காது. (நல்ல நேரம் குறித்துக்கொண்டு டாக்டர் முன்னால் உட்காரும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.)

கூட இருக்கும் ஆள் விஷயத்தை எல்லோரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். எனக்கு அதுதான் முதல். அரசு ஆஸ்பத்திரிகளிலேயே பிரசவத் துணை அனுமதி உண்டு. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுக்காரப் பெண்ணாக இருந்தால் நல்லது என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். மறைப்பு வசதி இருந்தால் கணவரும் இருக்கலாம். 2019-இல் இரண்டாவது பிரசவத்துக்கு வேறு ஆஸ்பத்திரி. என் மாமியார் உள்ளே வந்தார். சாதாரண நாளில் எங்களுக்குள் அவ்வளவு பேச்சு இல்லை. அன்றைக்கும் அவர் ஒன்றும் பேசவில்லை, ராத்திரி முழுக்க என் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். முந்தைய நாள் வலி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் வரும்வரை வீட்டில்தான் இருந்தேன். இட்லி கூடச் சாப்பிட்டேன். இதைப் படித்துவிட்டு எல்லோரும் வீட்டிலேயே காத்திருக்காதீர்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ உடனே கிளம்ப வேண்டும்.

இன்னொன்று. நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மறைத்திருந்தால் சிசேரியன்தான். பிள்ளைக்கு இதயத் துடிப்பு இறங்கினாலும் தேவைப்படலாம். அதில் தோல்வி ஒன்றும் இல்லை. ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவளிடம் "முயற்சி பண்ணலையா?" என்று கேட்டுக்கொண்டு ஹார்லிக்ஸோடு வருபவர்கள் தயவுசெய்து வாசலிலேயே பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

நேற்றுச் செக்கப் முடிந்து தங்கை போன் செய்தாள். எல்லாவற்றையும் பேப்பரில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், ஒருத்தர் கூட இருக்கலாம் என்றாராம். தையலுக்கு மட்டும் "அப்போ பார்க்கலாம்மா" என்று பதில். சரி, அதை அடுத்த செக்கப்பில் மறுபடி கேட்கச் சொன்னேன்.

"அம்மாவை உள்ளே கூப்பிடவா?" என்றேன்.

"அம்மா என்னைவிடப் பயப்படுவாங்க. நீ வாக்கா."

இன்று காலை ஆபீஸில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.