கார்டு திறந்துதான் இருந்தது

மூன்று நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி அந்தத் தம்பி இரண்டாவது வீடியோவும் போட்டு, "பப்ளிக் குரூப்ல போட்டா அது பப்ளிக்தானே, இதுல என்ன தப்பு?"ன்னு கேட்டதைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. படுக்கையில் கிடக்கிறவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான குரூப்பில் ஒரு பெண் எழுதியதை, அவளைக் கேட்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவர் போட்ட வீடியோவைத்தான் சொல்கிறேன். லிங்க் தர மாட்டேன். கமெண்டில் யாராவது போட்டால் எடுத்துவிடுவேன்.

அந்தப் பெண் எழுதியதை எத்தனை பேர் முழுசாகப் படித்தீர்கள்? நாலு வருசமாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கிற மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ளுகிறவள் அவள். "சில நேரம் அவங்க போய்ச் சேர்ந்துட்டா நல்லாருக்கும்னு தோணுது. அப்படித் தோணுனதும் என்னையே எனக்குப் பிடிக்கல" என்று எழுதினாள். அடுத்த வரியிலேயே, முதுகில் படுக்கைப் புண் வந்திருக்கு, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாள். வீடியோவில் அந்த வரி இல்லை. முதல் பாதி மட்டும், பெரிய எழுத்தில், சோக மியூசிக்கோடு. பெயரை மறைத்தார்களாம். ஆனால் முகப்புப் படத்தை மறைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அவள் வீட்டுக்காரர் கடை எது என்று கண்டுபிடித்து, கூகுளில் போய் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, "மாமியாரைக் கொல்லப் பார்க்கிற குடும்பம்" என்று எழுதி வைத்தார்கள்.

இதில் என்ன தப்பு என்று கேட்கிறார்.

எங்கள் அப்பா தபால்காரர். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களுக்கு சைக்கிளில் போய்த் தபால் கொடுத்தவர். அப்போதெல்லாம் 15 பைசா போஸ்ட் கார்டுதான் அதிகம் வரும். 1879-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த நாளிலிருந்தே அதற்கு மூடி கிடையாது, யார் கையில் கிடைத்தாலும் படிக்கலாம். ஊரில் பாதிப் பெண்களுக்கு எழுத்து தெரியாது, புருசன் பம்பாய் தாராவியில் இருப்பான். அப்பாதான் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார், பதிலும் எழுதிக் கொடுப்பார். யாருக்குப் பணம் வருவது நின்றுபோச்சு, எவன் அங்கே இன்னொரு குடித்தனம் வைத்திருக்கிறான், எல்லாம் அவருக்குத் தெரியும். வீட்டில் வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அம்மா துருவித் துருவிக் கேட்டால், "அது அவங்களுக்கு வந்த கார்டு" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கார்டு திறந்துதான் இருந்தது. அதனால் அதைச் சாவடியில் நின்று சத்தமாக வாசிக்க அவருக்கு அனுமதி வந்துவிடவில்லை.

"அவ்வளவு ரகசியம்னா ஏன் பொதுவுல எழுதணும்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். எங்கே போய் எழுதுவாள்? சொந்தக்காரர்களிடம் சொன்னால் அன்றைக்கே மாமியார் காதுக்குப் போகும். அம்மா வீட்டில் சொன்னால் "பொறுத்துக்கோ" என்பார்கள். அந்தக் குரூப்பில் இருப்பவர்கள் எல்லாரும் டயப்பர் மாற்றியவர்கள், மூக்கில் டியூப் போட்ட ஆளுக்குக் கஞ்சி ஊற்றியவர்கள். அவர்களை நம்பித்தான் எழுதினாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இரண்டு பேர் பேசுவது நம் காதில் விழத்தான் செய்யும், அதற்காக டிரைவர் பக்கத்தில் போய் நின்று ஊருக்கே சொல்வோமா?

சட்டம் பேசுகிறவர்களும் வந்துவிட்டார்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று மூன்றாம் பிரிவில் இருக்கிறது. உண்மைதான், மறுக்கவில்லை. அதே நாட்டில் 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். ஒருவர் பொது இடத்தில் இருக்கிறார் என்பதாலேயே அவருடைய அந்தரங்கம் போய்விடாது என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதை ஏன் யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடவில்லை? சரி, நான் வக்கீல் இல்லை. சட்டம் தண்டிக்காது என்பதற்காகச் செய்துவிடலாம் என்றால், என் அப்பாவும்தான் வாசித்திருக்கலாம்.

எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. இதுவரை இங்கே சொன்னதில்லை.

அப்பாவுக்குக் கடைசி ஐந்து வருசம் மறதி நோய். ஊரில் ஒவ்வொரு வீட்டுக் கதவு எண்ணும் தெரிந்த மனுசனுக்கு எங்கள் வீட்டுக் கழிப்பறை எங்கே என்று தெரியாமல் போனது. ஒருநாள் ராத்திரி ஆறாவது முறையாக எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "தபால் கட்டு வந்திருக்கும், பிரிக்கணும்" என்று கதவைத் தட்டிக்கொண்டே நின்றார். நான் கத்தினேன். கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் அவர் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார். ரெண்டு மணிக்கு அதே குரூப்பில் அழுதுகொண்டே எழுதினேன். முன்பின் தெரியாத பதினோரு பேர் விடியும்வரை என்னோடு பேசிக்கொண்டிருந்தார்கள். "நாளைக்கு அவர்கிட்ட ஒரு பழைய பேப்பர் கட்டைக் குடுத்துப் பிரிக்கச் சொல்லுங்க" என்று ஒருத்தர் சொன்னார். செய்தேன். அதற்குப் பிறகு அப்பா ராத்திரியில் பேப்பர் பிரித்துக்கொண்டு அமைதியாக இருந்தார்.

எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் அந்தக் குரூப்பில் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது அத்தை கேட்டார்: "எங்க அண்ணனக் கை ஓங்குனவதான நீ?" குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு வருசமாக அது சுற்றியிருக்கிறது. அந்த ஐந்து வருசத்தில் ஒருநாள் ராத்திரி கூட வந்து இருக்காதவர்கள் அத்தனை பேரும் அதைப் படித்திருக்கிறார்கள். நான் எழுதியதில் ஒரு வார்த்தை கூட மாற்றவில்லை, எல்லாம் உண்மைதான். எழுதிய இடத்திலிருந்து பிடுங்கி வேறு இடத்தில் வைத்தார்கள், அவ்வளவே. அதற்கே நான் கொலைகாரி ஆகிவிட்டேன்.

"விழிப்புணர்வுக்காகப் போட்டோம்" என்கிறார்கள். அவளிடம் இன்பாக்ஸில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பேரும் படமும் இல்லாமல் அவளே எழுதிக் கொடுத்திருப்பாளே! அமைச்சர் போட்ட பதிவை எடுத்துக் கேள்வி கேளுங்கள், அது வேறு. அவர் ஊருக்குச் சொல்லத்தான் எழுதுகிறார்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில், அந்தப் பெண் யார் என்று தெரிகிற மாதிரி முதல் தகவல் அறிக்கை கசிந்ததே, அப்போதும் "வெளியில கிடைச்சுது, அனுப்பினோம்" என்றுதான் சொன்னார்கள். எங்கள் தெரு குரூப்பில் கூட வந்தது. உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டது. ஃபார்வர்ட் பண்ணிய எங்கள் தெருக்காரர்கள் இன்றைக்கும் காலையில் பூப்படத்தோடு வணக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் கையில் கிடைத்ததை அனுப்பும் அந்த விரல் ஒன்றுதான்.

அந்தப் பெண் கணக்கை மூடிவிட்டாள். குரூப்பில் இப்போது யாரும் எதுவும் எழுதுவதில்லை. வீல் சேர் விற்பனைக்கு என்ற பதிவுகள் மட்டும் வருகின்றன. படுக்கைப் புண்ணுக்கு நாலு பேர் அவளுக்குப் பதில் சொல்லியிருந்தார்கள், தண்ணீர்ப் படுக்கை வாங்கச் சொல்லி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லி. பதிவோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. அவள் படித்தாளா என்று தெரியவில்லை.

தம்பி, இதை உங்களுக்கு யாராவது காட்டுவார்கள். ரெண்டு வீடியோவையும் எடுத்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்டு மூன்றாவது வீடியோ போட வேண்டாம். அதிலும் அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுவீர்கள்.